இரண்டு உயில்கள்

"எம்.எஸ். அம்மா ஒரு பைசா தனக்குன்னு வெச்சுக்கலை, தெரியுமோ? அத்தனையும் தானம்."

மார்கழியில் மயிலாப்பூரிலோ தி. நகரிலோ ஒரு சபாவுக்குப் போய், கச்சேரிக்கு முன்னால் கேன்டீனில் காபிக்கு நின்றவர்கள் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். முப்பது வருடங்களாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லும் மாமிகள் மாறிவிட்டார்கள், வாக்கியம் மாறவில்லை. இதற்கு அடுத்ததாக ஐ.நா. சபை வரும்: "அமெரிக்காவுல, அத்தனை நாட்டுக்காராளும் உக்காந்துண்டிருக்க, பாடினவா." மூன்றாவதாக வருவதுதான் முத்தாய்ப்பு: "அப்படியும் என்ன அடக்கம்! எது கேட்டாலும் மாமாவைக் கேளுங்கோன்னுடுவா."

தானம், வெளிநாட்டுப் பயணம், அடக்கம் என்று மூன்றும் இந்த வரிசையில் சேர்ந்தேதான் வரும். பாட்டைப் பற்றிய பேச்சு நாலாவதாக வரும், சில நாள் வராமலே போகும். அதற்குள் உள்ளே தம்புரா சுருதி கேட்டுவிடும், எல்லோரும் எழுந்து போய்விடுவோம்.

ரசிகர்களின் இந்தப் பேச்சைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாட்டின் மீது எனக்குப் புகார் எதுவும் கிடையாது. அவருடைய சங்கராபரணத்தைக் கேட்டபடி சமையலைத் தீயவிட்ட அனுபவம் எனக்கும் உண்டு. என்னை உறுத்துவது வேறு. ஒரு பெரும் கலைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, அவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும், கொடுத்ததைத் தானே முடிவு செய்யாமல் இருந்தார் என்பதும் நமக்கு ஏன் ஒரே மூச்சில் பெருமையாகப்படுகிறது?

முதலில் கொடையைப் பார்ப்போம், அது பொய்யில்லை. நிதி திரட்டும் கச்சேரி என்றாலே ராக் இசைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று என் மாணவிகள் நினைக்கிறார்கள். 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியும், 1985இன் லைவ் எய்டும் அவர்களுக்குத் தெரியும். வங்கதேசக் கச்சேரிக்கு 27 வருடம் முன்பே, 1944இல், கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். கச்சேரிகள் செய்தார். அதற்குப் பிறகு அது வாழ்நாள் வழக்கமாகிவிட்டது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோவில் என்று இருநூறுக்கு மேற்பட்ட நிதிக் கச்சேரிகள் என்று கணக்குச் சொல்வார்கள். 1963இல் வந்த வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குப் போனது. விடியற்காலையில் எத்தனை வீடுகளில், எத்தனை டீக்கடைகளில் அது ஒலித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1974இல் அவருக்குக் கிடைத்த மக்சேசே விருதும் பொதுச்சேவைப் பிரிவில்தான் தரப்பட்டது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், அந்த செக்குல எல்லாம் யார் கையெழுத்து?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மா மந்தைவெளியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். முதல் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அப்பாவின் மேசைமேல் வைப்பார். அதிலிருந்து அத்தைகளின் கல்யாணம் நடந்தது, சித்தப்பா படித்தார். உறவில் எல்லோரும் அம்மாவை "தங்கமான மனசு" என்பார்கள். தனக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்க அவர் அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்ததை அந்தத் தங்கமான மனசோடு சேர்த்து யாரும் பேசியதில்லை. பெண் கொடுத்தாள் என்ற வாக்கியத்தில் கொடுத்தவள் யார், எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதைத் தமிழ் இலக்கணம் ஒருவேளை பிரித்துக் காட்டலாம். குடும்பம் காட்டாது.

எம்.எஸ்.ஸின் வாழ்க்கையில் எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதில் ரகசியமில்லை. ரசிகர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். டி. சதாசிவம் காங்கிரஸ் தொண்டர், ராஜாஜியின் சீடர், ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவை நடத்தியவர். விளம்பரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். எந்த ஊரில் பாடுவது, எந்த நிதிக்குப் பாடுவது, பட்டியலில் எந்தப் பாட்டு எங்கே வருவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து, மேடைக்குச் சைகை காட்டும் சதாசிவத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1941இல் கல்கி பத்திரிகை பிறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் தேவைப்பட்டது. அந்தப் பணத்துக்காக எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நாரதராக, ஆண் வேடத்தில் நடித்தார். நம் பாட்டிகள் வாராவாரம் தொடர்கதைக்காகக் காத்திருந்த பத்திரிகைக்கு முதல் போட்டது ஒரு பாடகியின் உழைப்பு. ஆனால் பத்திரிகையைத் தொடங்கியவர்கள் யார் என்று கேட்டால் நாம் இரண்டு ஆண்களின் பெயரைத்தான் சொல்வோம். எம்.எஸ். "உதவினார்" என்போம். முதலீட்டாளர் என்ற சொல் அவருக்குப் பக்கத்தில் வைக்கவே கூசுகிறது, இல்லையா?

அந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர் 1916இல் மதுரையில் பிறந்தவர். அம்மா வீணைக் கலைஞர் சண்முகவடிவு, பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். எம்.எஸ். என்ற முதலெழுத்துகளில் எம் மதுரை, எஸ் சண்முகவடிவு. கல்யாணத்துக்குப் பிறகும், பாரத ரத்னாவுக்குப் பிறகும், அம்மாவின் பெயர்தான் அவர் முன்னெழுத்தாக இருந்தது. "இல்லறத்தின் இலக்கணம்" என்று அவரைக் கொண்டாடும் யாரும் இதைக் கவனித்துப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தது 1936இல். சதாசிவத்தை மணந்தது 1940இல். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காக முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியிலிருந்தே போராடிக்கொண்டிருந்தார், சட்டம் 1947இல் முழுமையாக வந்தது. இந்த இருபது வருட இடைவெளியில்தான் சபாக்களின் மேடை மெல்ல மெல்ல "குடும்பப் பெண்"ணின் மேடையாக மாறியது. தலைமுறை தலைமுறையாகப் பாடிச் சம்பாதித்த பெண்களுக்கு, பாட்டுக்குப் பணம் வாங்குவதே ஒரு கறையாக ஆக்கப்பட்டது. அதே மேடையில் அதே ராகத்துக்கு வித்துவான் வாங்கினால் அது சன்மானம். அவள் வாங்கினால் பேச்சு வேறு.

அந்தக் காலத்தில் நிதிக் கச்சேரி என்பது அந்தப் பெண்ணின் பாட்டைப் பணத்திலிருந்து பிரித்து எடுத்தது என்பது என் வாசிப்பு. டிக்கெட் விற்கிறது, கூட்டம் வருகிறது, லட்சக்கணக்கில் பணம் சேர்கிறது. ஆனால் பாடியவள் அதைத் தொடவில்லை. தொடாததால் அவள் தெய்வீகமாகிறாள். அந்தக் கச்சேரிகளால் எழுந்த கட்டடங்கள் உண்மை, பயனடைந்தவர்கள் உண்மை. கொடுக்க வேண்டும் என்ற மனம் எம்.எஸ்.ஸுக்கு இருந்தது என்பதையும் நான் நம்புகிறேன். ஆனாலும் ஒரு பெண் மரியாதையாக மேடையில் உட்காருவதற்குச் சம்பாத்தியத்தை எல்லாம் நுழைவுக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருந்தது என்றால், அதை தானம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

ஆண் கலைஞர்களோடு ஒப்பிட்டால் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 2016 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஏ.ஆர். ரகுமான் நிவாரணத்துக்காக 'நெஞ்சே எழு' கச்சேரி நடத்தினார். ரசிகர்கள் மனதாரப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவருடைய பேச்சு தொடங்குவது எப்போதும் பாட்டிலிருந்து. எந்த ஆல்பம், எந்த பேஸ் லைன், எந்தக் குரல் என்று போய், கடைசியில் "நல்ல மனுஷன்பா" என்று முடியும். கொடை அவருக்கு உபரி, எம்.எஸ்.ஸுக்கோ அடித்தளம். அதை உருவிவிட்டால் அவரைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ரசிகர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

வெளிநாட்டுப் பயணங்களின் கதையும் இப்படித்தான். 1963 எடின்பரோ விழா, 1966 அக்டோபர் 23 ஐ.நா. சபை, 1977இல் மறுபடி அமெரிக்கா, 1982 லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், 1987 மாஸ்கோ. விமானம் ஏறி ஊர் ஊராகப் பாடும் ஒரு கலைஞரின் உழைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வாத குளிர், மாறும் தூக்கம், தொண்டையைக் காக்கும் கவலை எல்லாம் அதற்குள் அடக்கம். நாம் நினைவு வைத்திருப்பது எதை? ஐ.நா.வில் பாடியவற்றில் காஞ்சிப் பெரியவர் இயற்றியது ஒன்று, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடல் ஒன்று, பயணத்தை ஏற்பாடு செய்தவர் சதாசிவம் என்பதை. நேரு என்ன சொல்லிப் புகழ்ந்தார் என்பதும் கூடவே வந்துவிடும். மூன்று நாலு ஆண்களுக்கு நடுவே ஒரு குரல். பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடிய இன்னொரு பெண்ணும் இருந்தார், ராதா விஸ்வநாதன். சதாசிவத்தின் முதல் மனைவியின் மகள், எம்.எஸ். வளர்த்த பெண், அவரோடு பல பத்து வருடங்கள் பின்பாட்டுப் பாடியவர். நிதிக் கச்சேரி ஒவ்வொன்றிலும் ராதாவின் உழைப்பும் தானமாகியிருக்கிறது. கேன்டீன் பேச்சில் அவர் பெயர் வருவது அபூர்வம்.

1970களின் இறுதியில் கல்கி கார்டன் வீட்டை விற்க வேண்டிய நிலை வந்தது. இதைக்கூட ரசிகர்கள் ஒரு புராணம் மாதிரி சொல்வார்கள்: "கொடுத்துக் கொடுத்தே சொந்த வீடு போச்சு." உதவ நினைத்த திருப்பதி தேவஸ்தானம் அதை நன்கொடையாகத் தர முடியவில்லை, அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் பாலாஜி பஞ்சரத்ன மாலா என்ற இசைத்தட்டு வரிசைக்கு ஏற்பாடானது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் புதிது புதிதாக அன்னமய்யா கீர்த்தனைகளைப் பாடம் செய்து, ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்று, குடும்பத்தை மறுபடி நிமிர்த்தினார். எனக்கு இந்த இடம்தான் எம்.எஸ்.ஸின் வாழ்க்கையில் மிகவும் பிடித்தது. கருணை, தியாகம் எல்லாம் ஒதுங்கி நிற்க, தொழில் தெரிந்த ஒரு கலைஞர் தெரிகிறார். நம் பேச்சில் இது பாலாஜியின் அருளாக முடிந்துவிடுகிறது.

இந்தப் பிம்பத்துக்கு ஒத்துவராத சாட்சியங்கள் வெளிவரும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். 1937இல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. இளம் சுப்புலட்சுமியும் இளம் பாலசரஸ்வதியும் இரவு உடையில், உதட்டில் சிகரெட் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து விளையாட்டாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு தோழிகள், ஒரு ஸ்டூடியோ, ஒரு மதியக் குறும்பு. என் கைபேசியில் அதைப் பார்த்த ஒரு தெரிந்த பெண்மணி, "இது ஒட்டுவேலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கு எம்.எஸ். எழுதிய காதல் கடிதங்கள் வந்தபோதும் கோபம். 2015இல் டி.எம். கிருஷ்ணா இந்தப் பிம்பம் உருவான விதத்தை அலசிக் கட்டுரை எழுதியபோதும் கோபம். ஒரு பெண்ணுக்கு ஆசையும் குறும்பும் இருந்ததாகச் சொன்னால் அவர் செய்த தானம் எப்படிக் குறையும் என்று யாரும் விளக்கவில்லை. ஆனால் குறைந்துவிடும் என்று பயந்தார்கள். கொடையும் கற்பும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் அவிழும்.

2024இல் இது நீதிமன்றம் வரை போனது. சங்கீத கலாநிதி விருது பெறுபவருக்கு எம்.எஸ். பெயரில் 2005 முதல் ஒரு நாளிதழ்க் குழுமம் வழங்கிவரும் பரிசு, அந்த வருடம் கிருஷ்ணாவுக்குப் போக இருந்தது. எம்.எஸ்.ஸின் பேரன் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, பிறகு அமர்வு, அப்புறம் உச்ச நீதிமன்றம். அந்த டிசம்பர் முழுக்க கேன்டீன்களில் வேறு பேச்சே இல்லை. கிருஷ்ணா தகுதியானவரா, அகாடமி செய்தது சரியா, பேரனுக்கு உரிமை உண்டா என்று ஆண்களைப் பற்றியே பேசித் தீர்த்தோம்.

வழக்கில் காட்டப்பட்ட ஒரு தாளை மட்டும் யாரும் நிதானமாகப் படிக்கவில்லை. அது 1997 அக்டோபரில் எம்.எஸ். எழுதிய உயில். தன் பெயரிலோ நினைவிலோ அறக்கட்டளை, நினைவகம், சிலை எதுவும் அமைக்கக் கூடாது, அதற்காக யாரும் நிதி திரட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. சதாசிவம் அடுத்த மாதம்தான் இறந்தார், ஆகவே அவர் போன பிறகு பேசிய குரல் இது என்று நாடகமாக்க நான் விரும்பவில்லை. அடக்கத்தின் உச்சம் என்று ரசிகர்கள் இதை வாசிக்கிறார்கள். அப்படியும் வாசிக்கலாம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தன் பெயரைச் சொல்லி அடுத்தவர்களுக்கு வசூல் நடந்த ஒரு பெண், கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்: என் பேரைச் சொல்லி இனி வசூல் வேண்டாம். நமக்குத் தெரிந்து அவர் "மாமாவைக் கேளுங்கோ" என்று சொல்லாத சில இடங்களில் இது ஒன்று. அதையும் கேட்டபாடில்லை. திருப்பதியில் சிலை நிற்கிறது. தி. நகர் ஜவுளிக்கடைகளில் "எம்.எஸ். ப்ளூ" என்று ஒரு நிறமே விற்பனையாகிறது.

இதோடு இன்னொரு உயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள் எம்.எஸ்.ஸுக்கு முந்தைய தலைமுறை, 1878இல் பிறந்தவர், அவரும் தேவதாசி மரபு. சென்னையில் பாடிப் பெரும் பொருள் ஈட்டினார். முத்துப்பழனி என்ற தேவதாசிக் கவிஞரின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, அரசாங்கத்தின் தடையைச் சந்தித்தார். திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டி, 1925இல் குடமுழுக்குச் செய்தார். அப்படிக் கட்டியவரையே ஆராதனையில் பாட விடவில்லை, பெண் என்பதால். அவர் பின்பக்கத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட இடத்தில் மூன்றாவதாகப் "பெண்கள் கட்சி" வந்தது. 1940இல் எல்லாம் ஒன்றாயின, பெண்கள் உள்ளே வந்தார்கள்.

நாகரத்தினம்மாள் 1949இல் எழுதிய உயிலில் தன் சொத்தை அந்தச் சமாதிக்கான அறக்கட்டளைக்கு வைத்தார், ஒரு நிபந்தனையோடு. அங்கே வழிபடவும் பாடவும் பெண்களுக்கு, தேவதாசிகளுக்கு உட்பட, உரிமை இருக்க வேண்டும். இதுவும் தானம்தான். ஆனால் பணம் யாருடையது, முடிவு யாருடையது, பதிலுக்கு என்ன வேண்டும் என்பது மூன்றும் எழுத்தில் இருக்கிறது. கொடுத்தவள் பேரம் பேசியிருக்கிறாள்.

இவரை எம்.எஸ்.ஸுக்கு எதிரே நிறுத்தி "பார், இவள்தான் புரட்சிக்காரி" என்று காட்டுவது சுலபம், நியாயமில்லை. நாகரத்தினம்மாளுக்குக் கணவர் இல்லை, சபா மாமிகளின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. அவர் காலத்தில் தேவதாசிகளுக்கென்று ஒரு உலகம் மிச்சமிருந்தது. எம்.எஸ். வளர்ந்தபோது அது இடிந்துகொண்டிருந்தது. அதை இடித்தவர்களில் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் அதே மரபிலிருந்து வந்தவர் என்பதையும், அவருடைய சட்டத்தை நாகரத்தினம்மாள் சங்கம் சேர்த்து எதிர்த்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முத்துலட்சுமியின் கொடை அடையாறில் அவ்வை இல்லமாகவும், 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையாகவும் நிற்கிறது. ஒரே மரபின் மூன்று மகள்கள். ஒருத்தி சட்டம் போட்டு நிறுவனம் கட்டினார், ஒருத்தி நிபந்தனை போட்டுக் கோவில் கட்டினார், ஒருத்தி பாடிப் பாடி மற்றவர்கள் கட்ட உதவினார். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் உடன்பட்டிருக்க மாட்டார்கள். கேன்டீன் பேச்சு மூன்றாமவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரிடமும் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டது.

போன மார்கழியில் தி. நகரில் ஒரு சபா கேன்டீன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமிக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். வழக்கமான முதல் வாக்கியம் வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. என் மாணவியின் கேள்வியைச் சொன்னேன், செக்கில் யார் கையெழுத்து என்று.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் காபி டம்ளரை இரண்டு தடவை ஆற்றினார்.

"நான் ஏ.ஜி. ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன்" என்றார். "ஆத்துக்காரர் போனப்புறம் பாங்குக்குப் போனா, கையெழுத்து ஒத்துவரலைன்னான். எனக்கே என் கையெழுத்து மறந்து போயிருந்தது."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "வா, வர்ணம் ஆரம்பிச்சுடுவா. இந்தப் பொண்ணு நன்னாப் பாடறா. என்ன வாங்கறான்னு தெரியலை, நெறைய வாங்கட்டும்."